நீலமாகவே நின்ற சாட்சி

பெரியவளின் கன்னத்துக் கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த சதைத்துணுக்கு, போன வாரம் அவள் தங்கை சின்னவள் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்துக்கே வந்து சேர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். "சொந்த ரத்தத்தைச் சொந்தக்காரங்க தொடக் கூடாது, இங்க அதுதான் சட்டம்" என்று கூடத்து டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். சின்னவள் கேட்கவில்லை. இன்னொரு டெக்னீஷியன் கணுக்காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தாள். வேறு கை இல்லை. டாக்டரம்மாவும் கடைசியில், "என்னவோ பண்ணு, ஆனா என் எதிர்ல பண்ணு" என்று விட்டுக்கொடுத்துவிட்டார்.

விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக ஒரு தப்பும் செய்யாத கை அது. யாருக்குத் தெரியும்?

பெரியவளுக்கு அறுபத்துமூன்று வயது. முப்பத்தொரு வருஷம் கொளுத்தும் வெயிலில் தெருத்தெருவாக நடந்து தபால் கொடுத்தவள். ஓய்வு பெற்ற மறுவருஷம் இடது காதுக்கு முன்னால் சிவப்பாக ஒரு மொட்டு கிளம்பியது. வலியில்லை, அரிப்பில்லை. "ஏதோ பூச்சி முத்தம் கொடுத்திருக்கு" என்று அவள் புருஷன், சின்னவளின் அத்தான், கேலி செய்தார். இரண்டே மாதத்தில் அது கோலிக்குண்டு அளவுக்கு வந்ததும் கேலி நின்றுபோயிற்று.

"ரெண்டுல ஒண்ணு" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "ஒண்ணு சாது. தோல்ல சாதாரணமா வர்றதுதான். சுத்தமா வெட்டி எடுத்துட்டா அதோட போச்சு. இன்னொண்ணு ரொம்ப அபூர்வம், ரொம்பப் பொல்லாதது. இருந்த இடத்துல இருக்காது, ஓடும். வழக்கமான சாயத்துல பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி நீல உருண்டைதான். சதை நசுங்கி வேற வந்திருக்கு. ஆன்டிபாடி போட்டாத்தான் நான் வாயைத் திறப்பேன்."

அந்த ஆன்டிபாடி சொட்டு மருந்து, செல்லுக்குள் தனக்கென்று இருக்கும் ஒரே ஒரு பொருளைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் பழுப்பாகும். தேடியது கிடைக்காவிட்டால் கழுவும்போது தண்ணீரோடு போய்விடும், செல் நீலமாகவே நிற்கும். பழுப்பு என்றால் பொல்லாதது. நீலம் என்றால் சாது. பெரியவளின் மிச்ச வாழ்க்கை இந்த இரண்டு நிறத்துக்கு நடுவில் வந்து நின்றிருந்தது.

காலை பத்தரை மணிக்கு சின்னவள் கையில் இரண்டு ஸ்லைடுகள் தயாராக இருந்தன.

முதல் ஸ்லைடு நுரையீரலுக்கானது. பொல்லாத செல் நுரையீரலில் பிறந்து தோலுக்கு வந்ததா என்று பார்ப்பதற்கு. இரண்டாவது, தோலில் பிறக்கும் அந்த அபூர்வமானதற்கு. ஒவ்வொரு ஸ்லைடிலும் வலப்பக்கம் அக்காவின் சதை. இடப்பக்கம் 'கன்ட்ரோல்'. அதாவது, சாயம் ஏறியே தீரும் என்று முன்பே தெரிந்த வேறொரு சதை. மருந்து ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இரண்டாவது ஸ்லைடில் இருந்த சாட்சி, சின்னவளுடைய குடல்வால்.

சிரிக்காதீர்கள், நிஜம்தான். ஏழு வருஷத்துக்கு முன் அவளுக்குக் குடல்வாலை அறுத்தெடுத்தபோது, "நல்ல துண்டு, கன்ட்ரோலுக்கு வச்சுக்கட்டுமா?" என்று டாக்டரம்மா கேட்டார். இவளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த மருந்து போட்ட ஒவ்வொரு நோயாளியின் சதைக்குப் பக்கத்திலும் மெழுகில் புதைத்த இவள் சதையின் சீவல் ஒன்று உட்கார்ந்திருக்கும். இன்று அக்காவுக்குப் பக்கத்தில்.

முதல் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். முதலில் கன்ட்ரோல், பழுப்பு. பிறகு அக்கா, நீலம். நுரையீரல் இல்லை. நல்லது.

இரண்டாவது ஸ்லைடை வைத்தாள். கை தானாகவே வலப்பக்கம் போயிற்று. நேராக அக்காவிடம்.

நீலம். மேலே, கீழே, ஓரம் எல்லாம் நீலம். துளிப் பழுப்பு இல்லை.

சந்தோஷம் அவள் கண்ணை மறைத்துவிட்டது. ஸ்லைடை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படிக்கு ஓடி, அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா! இல்லக்கா!"

"எதுடீ இல்ல?"

"அந்தப் பொல்லாதது. நீலமா இருக்கு. எல்லாமே நீலமா இருக்கு."

"நீலம்னா நல்லதா கெட்டதா? ஒழுங்காச் சொல்லு, மூச்சு விட்டுட்டுச் சொல்லு."

"நல்லதுக்கா. நல்லது."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதை மூடுவதற்குக்கூட பெரியவளுக்குத் தோன்றவில்லை.

"அப்ப நாளைக்கு அந்தக் குகைக்குள்ள போய்ப் படுக்க வேண்டாமா?"

குகை என்று அவள் சொன்னது ஸ்கேன் மெஷினை.

"வேண்டாம்னுதான் நினைக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், ஆனா..."

"இரு, உன் அத்தான் பக்கத்துல நின்னுட்டு மூக்கை உறிஞ்சறாரு. ஏங்க, அழாதீங்க, ஒண்ணுமில்லையாம்!"

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு சின்னவள் சொல்ல வந்தது யார் காதிலும் விழவில்லை.

பதினொன்றேகாலுக்கு டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். அவருடைய மைக்ராஸ்கோப்புக்கு இரண்டு பார்வைக்குழல்கள், எதிரெதிரே இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கலாம். சின்னவள் எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா இரண்டாவது ஸ்லைடை வைத்தார். இடப்பக்கம் நகர்த்தினார். நின்றார்.

"உன் குடல்வாலுக்கு என்னம்மா ஆச்சு?"

சின்னவள் குழலில் கண்ணை வைத்தாள்.

வரிசை வரிசையாகத் தன் குடல்வாலின் செல்கள். ஏழு வருஷமாகக் காப்பித்தூள் நிறத்தில் பார்த்துப் பழகியவை. இன்று அத்தனையும் நீலம்.

"மருந்தே விழலை" என்றார் டாக்டரம்மா. குரலை உயர்த்தவில்லை. "உன் மேலயே விழாத மருந்து உங்க அக்கா மேல விழுந்திருக்குமா? இந்த ஸ்லைடு ஊமை. இது இருக்குன்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை."

சின்னவள் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். இரண்டாவது ஸ்லைடுக்கென்று புதிதாக வந்த ஆன்டிபாடி குப்பி மேல்தட்டில் இருந்தது. மூடியைச் சுற்றிய ஒட்டுத்தாள் கிழியவே இல்லை. அதன் பக்கத்தில் அதே வெள்ளை மூடியோடு இன்னொரு குப்பி, வெறும் நீர்மருந்து. ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்லைடில் வேண்டுமென்றே ஆன்டிபாடி இல்லாமல் விடுவார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதற்கான குப்பி. அதிலிருந்துதான் அக்காவின் மேல் சொட்டு விட்டிருக்கிறாள்.

கை தவறியதா? இல்லை, கைக்கு எது வேண்டியிருந்ததோ அதை எடுத்துக்கொண்டதா? இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை. தன்னிடம் மட்டும் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார் டாக்டரம்மா. "மறுபடி போடுவோம். யார்கிட்டயும் வாயைத் திறக்கலையே?"

சின்னவள் ஃப்ரிட்ஜ் கதவை மூடினாள்.

"யம்மா, உன்னைத்தான்."

"அக்காகிட்ட சொல்லிட்டேன் டாக்டர்."

"என்னன்னு?"

"நல்லதுன்னு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால் சின்னவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"மெழுகுக் கட்டையில இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கு?"

"மூணு சீவல் தேறும். அதுக்கு மேல சதை இல்ல."

"நீயே சீவு. இவ்வளவு மெல்லிசா சீவ எனக்கு வராது. மருந்தை நான் விடறேன்."

சின்னவள் சீவினாள். தலைமுடியை நீளவாக்கில் பல கூறாக வகிர்ந்தால் எவ்வளவு மெலிசோ, அவ்வளவு மெலிசு. முதல் சீவல் சுருண்டு கிழிந்தது. இரண்டாவது கத்தி விளிம்பில் ஒட்டிக்கொண்டு நெளிந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, தூரிகை நுனியால் அதைத் தாங்கி வெந்நீரில் மிதக்க விட்டாள். அது விரிந்தது. ஸ்லைடில் ஏந்திக்கொண்டாள். பக்கத்தில் தன்னுடையதையும்.

பிறகு சூட்டில் காயவைத்து, மெழுகைக் கரைத்து, குக்கரில் வைத்தார்கள். சமையலறையில் இருக்கும் அதே குக்கர்தான். சதைக்குள் ஒளிந்திருப்பதை ஆன்டிபாடி கண்டுபிடிக்க வேண்டுமானால் அதை முதலில் ஆவியில் இளக்க வேண்டும். குக்கர் சீறிக்கொண்டிருக்கும்போது கதவுப்பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

அத்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். விரல் இடுக்கில் கிரீஸ், கையில் இனிப்புப் பெட்டி.

"சாயக்காரம்மா எங்கே? எங்க வீட்டுச் சாயக்காரம்மா!" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். "எல்லாருக்கும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கேன். அந்த டாக்டரம்மாவுக்குப் பெரிய துண்டாக் கொடு. கண்ணு போயிடும் போல இருக்கு பாவம், நாள் பூரா அந்தக் குழாய்க்குள்ள பார்த்துப் பார்த்து."

"அத்தான், கொஞ்சம் இப்படி உட்காருங்க."

"ஆஸ்பத்திரியில யாராவது உட்காரச் சொன்னா நல்ல சேதி வந்ததே இல்ல. நின்னுக்கறேன், சொல்லு."

சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். மருந்து மாறிப்போனதை, சாட்சியை முதலில் பார்க்காமல் அக்காவைப் பார்த்ததை, காலையில் சொன்னது செல்லாது என்பதை.

அத்தான் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போய்விடவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"அப்ப இருக்கா?"

"தெரியல அத்தான். மூணரை மணிக்குத் தெரியும்."

"காலையில தெரியும்னே."

"தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நான் ஒரு லிஃப்டைச் சரி பண்ணினா, ஆளை ஏத்தறதுக்கு முன்னால காலியா மேலயும் கீழயும் நாலு தடவை ஓட்டிப் பார்ப்பேன். எட்டாவதுகூட முடிக்காதவன் நான். எனக்கே தெரியுது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தான்."

"ஸ்கேனை வேண்டாம்னு சொல்லிட்டேன். பத்தே முக்காலுக்குப் போன் பண்ணி, 'எங்களுக்கு வேணாம்ங்க, வேற யாராவது கஷ்டப்படறவங்களுக்குக் கொடுங்க'ன்னு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். கொடுத்துட்டாங்க. திரும்ப இப்பக் கேட்டா எப்பத் தருவான்?"

சின்னவளுக்குத் தெரியும். அந்த ஒரு மெஷினுக்கு எவ்வளவு நீள வரிசை என்று இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டு மூணு வாரம் ஆகும்" என்றாள்.

அத்தான் இனிப்புப் பெட்டியை ஓரத்துப் பெஞ்சில் வைத்தார். வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். காலையில சொன்ன வாயே வந்து சொல்லட்டும்."

அவர் லிஃப்டில் போகவில்லை. படியில் இறங்கிப் போகும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

மூன்று நாற்பதுக்கு டாக்டரம்மா கூப்பிட்டார்.

முதலில் இடப்பக்கம். குடல்வாலின் செல் வரிசை முழுக்க அழுத்தமான பழுப்பு.

"உன்னோடது நல்லா ஏறியிருக்கு" என்றார்.

பிறகு வலப்பக்கம் நகர்த்தினார்.

அக்காவின் செல்கள் நீலமாகத்தான் இருந்தன, நெருக்கமாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. ஆனால் ஒவ்வொரு நீல உருண்டையின் ஓரத்திலும் ஒரே ஒரு பழுப்புப் புள்ளி. பேனா முனையால் யாரோ உட்கார்ந்து நிதானமாக வைத்ததுபோல். ஒரு செல்லைக்கூட விட்டு வைக்கவில்லை.

இந்தப் புள்ளியைச் சின்னவள் புத்தகத்தில் பார்த்திருக்கிறாள். இந்த அறையிலேயே மூன்று முறை பார்த்திருக்கிறாள். அந்த மூன்று பேருக்கும் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதும் அவளுக்குத் தெரியும். குழலிலிருந்து கண்ணை எடுக்காமலே இருந்தாள். எடுத்தால் எதிரில் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டி வரும்.

"மெர்க்கல் செல் புற்றுநோய்" என்றார் டாக்டரம்மா. "நுரையீரல் ஸ்லைடு ஒழுங்காத்தான் இருந்துது, அதுல இல்ல. அப்ப இது தோல்லயே பிறந்தது. இனி சந்தேகமில்லை."

"பரவியிருக்குமா டாக்டர்?"

"அதைச் சொல்றதுக்குத்தான் ஸ்கேன்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் அறிக்கையில அவசரம்னு எழுதறேன். சர்ஜன்கிட்ட நானே பேசறேன். ஸ்கேன்காரங்க என் பேச்சைக் கேட்பாங்களான்னு மட்டும் தெரியாது" என்றவர், பேனாவை எடுத்துக்கொண்டே, "காலையில நடந்ததையும் பதிவுல எழுதணும்மா. எழுதாம விட முடியாது" என்றார்.

"எழுதுங்க டாக்டர்."

ஐந்து மணிக்குச் சின்னவள் அக்கா வீட்டுப் படியேறினாள். பேருந்தில் வரும்போது நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்ததும் நாலும் மறந்துபோயிற்று.

பெரியவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பிளாஸ்திரி. அத்தான் பால்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாருடனோ மன்றாடிக்கொண்டிருந்தார்.

"வந்த ஆளு வாயே திறக்கல. போனைத் தூக்கிட்டு அங்க போய் நின்னவர்தான்" என்றாள் பெரியவள். "உன் மூஞ்சியும் சரியில்ல. நீலம் பச்சையாயிடுச்சா?"

சின்னவள் அக்காவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். காலையில் தான் செய்ததை முதலில் சொன்னாள். குப்பி மாறியதை, குடல்வாலை. பெரியவள் மடிப்பை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புரியுது. தபால்காரன் அந்தத் தெருவுக்கே போகல. போகாதவன் வந்து, அப்படி ஒரு வீடே இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டான். அப்படித்தானே?"

"அப்படித்தான்க்கா."

"இப்பப் போனானா?"

"போனான்."

"வீடு இருக்கா?"

சின்னவள் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பெரியவள் மடித்த சட்டையை மடிமேல் வைத்துக்கொண்டாள். அதன் காலரை நீவினாள். மறுபடி நீவினாள். பால்கனியிலிருந்து, "சரிங்க, புரியுதுங்க, கொஞ்சம் பார்த்துச் செய்ங்க" என்ற குரல் வந்துகொண்டிருந்தது.

"திட்டுக்கா. ஏதாவது சொல்லு. அடிக்கணும்னா அடி."

"உன்னை அடிச்சு என் கை வலிக்கறதுதான் மிச்சம். சின்ன வயசுல அடிச்சதே போதும்."

சிரிக்கத்தான் பார்த்தாள். வரவில்லை.

"கையைக் கொடு" என்றாள்.

சின்னவளின் வலது கையைப் பிடித்து, பிளாஸ்திரிக்குக் கீழே தாடையைத் தாண்டிக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். இரண்டு விரலை ஓரிடத்தில் வைத்து அழுத்தினாள்.

தோலுக்கு அடியில் மொச்சைக்கொட்டை மாதிரி ஒன்று இருந்தது. கல்லாக இருந்தது. விரலால் தள்ளினால் நகரவில்லை.

"எப்பலேருந்துக்கா?"

"பத்து நாள் இருக்கும். நாளைக்கு ஸ்கேன்ல அவங்களே பார்த்துக்கட்டும்னு பேசாம இருந்தேன். உன் அத்தான்கிட்டகூடச் சொல்லல, மனுஷன் தூங்க மாட்டார்னு." பெரியவளின் குரல் இப்போதுதான் முதல் தடவையாகத் தடுக்கியது. "நீ காலையில ஒண்ணுமில்லைன்னே. அப்ப இதுவும் ஒண்ணுமில்லைதான்னு நானே நினைச்சுக்கிட்டேன். இனிமே யார்கிட்டயும் காட்ட வேண்டாம்னு இருந்தேன்டீ."

சின்னவள் விரலை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் அது அதற்கு மேல் ஓடாது என்று ஏதோ ஒரு பைத்தியக்கார எண்ணம்.

அத்தான் போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். சின்னவளைப் பார்க்காமல் பெண்டாட்டியைப் பார்த்துப் பேசினார்.

"பத்தொன்பது நாள் ஆகுமாம். கெஞ்சிப் பார்த்துட்டேன். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு இடம் இருக்கு. அதை, வேற எங்கயாவது பரவியிருக்கும்னு சந்தேகம் இருக்கறவங்களுக்குத்தான் தருவாங்களாம். கழுத்துல, அக்குள்ல கட்டி ஏதாவது தட்டுப்படுதான்னு கேட்டாங்க. அதெல்லாம் சுத்தமா இல்லைங்கன்னு சொல்லிட்டேன். இப்ப அந்த இடத்தை வேற ஒரு நோயாளிக்குக் கொடுக்கட்டுமான்னு கேட்டுட்டிருக்காங்க."

பெரியவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னவளின் விரல்கள் அந்தக் கழுத்திலேயே இருந்தன.

"போனை வச்சுடாதீங்க அத்தான்" என்றாள்.

அவர் அப்போதுதான் அந்தக் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.